மல்லேஸ்வரத்திலிருந்து நான்கு எண்கள்

பியாட்ரிஸ் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. பெங்களூர் அடுகோடியில், லேத் மிஷின்களுக்கு வெட்டுக் கருவிகள் செய்யும் நடுத்தரமான கம்பெனி. ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உரியவரின் மேசைக்குத் தள்ளிவிடுவாள். ஆறேழு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு, கூப்பிடுகிறவரே உள் எண்ணை அழுத்திக்கொள்ளும் புது டெலிபோன் போர்டு வந்தது. வேலை போய்விடும் என்று பயந்துபோய் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக்கு அவள் சம்பளம்தான். கம்பெனி அவளை அனுப்பவில்லை. சிஸ்டம்ஸ் பிரிவில் தருண் என்ற இன்ஜினியருக்கு உதவியாகப் போட்டார்கள். 2005இல் தருண் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்குத் தாவிவிட்டான். அதன் பிறகு பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

தருண் விட்டுப்போன பொறுப்புகளில் அவளை அதிகம் பயமுறுத்தியது, இன்டர்நெட் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டி. உள்ளே ஐம்பது அறுபது கம்ப்யூட்டர்கள் இருந்தாலும் இன்டர்நெட்டில் கம்பெனிக்கு ஒரே முகவரிதான். உள்ளிருந்து யார் வெளியே போனாலும் பெட்டி அந்த ஒரே முகவரியைப் போட்டு அனுப்பும். வெளியிலிருந்து வருவதுதான் சிக்கல். வருகிறவன் தட்டும் போர்ட் எண்ணை, அதாவது கதவு எண்ணைப் பார்த்து, இது மெயில் சர்வருக்கு, இது டிராயிங் சர்வருக்கு என்று உள்ளே திருப்பிவிட விதி எழுதி வைக்க வேண்டும். விதி இல்லாத எண்ணில் தட்டினால் பதில் வராது. போர்டில் உட்கார்ந்து பழகியவளுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் புரிவது வேறு, ஒரு எண்ணை மாற்றிவிட்டு மெயில் நின்றுபோனால் எல்லோரும் தன் மேசைக்கு வந்து நிற்பார்கள் என்பது வேறு. அதனால் முதல் மாதம் முழுக்க அவள் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அப்படிப் பார்த்ததில் மூன்றாவது விதி ஒன்று இருந்தது. அது வெளியிலிருந்து வருகிறவரை அக்கவுன்ட்ஸ் அறையில் ஒரு மேசைக் கம்ப்யூட்டருக்கு நேராகக் கொண்டுபோய் விட்டது. ஏன் என்று தெரியவில்லை. அந்த வழியாக எந்தெந்த நாட்டு முகவரிகளிலிருந்தோ யார் யாரோ வந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் முயற்சி. அவள் அந்த விதியை நிறுத்தினாள். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தாள்.

அன்று பிற்பகல் போன் வந்தது. சீனியர் அக்கவுன்டன்ட் அனந்தபத்மநாபன். மல்லேஸ்வரத்துக்காரர், தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அதிகம் பேசாதவர்.

"ஏம்மா பியாட்ரிஸ், என் மிஷின் கெடைக்கவே மாட்டேங்கறதே."

"எங்கிருந்து சார் பேசறீங்க?"

"ஆத்துலேர்ந்து," என்றார்.

மறுநாள் காலை அவரே அவள் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். மனைவி ஜகதாம்பாளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வேலைக்காரி மத்தியானம் வரைதான் இருப்பாள். பேங்க்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இவர் மத்தியானமே வீட்டுக்குப் போய், அங்கிருந்து தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வந்து மிச்ச வேலையை முடிக்கிறார். வழி செய்து கொடுத்தவன் தருண். மேனேஜர் முனிராஜுக்குத் தெரியாது.

"வேலை ஒண்ணும் பாக்கி வெக்கறதில்லே," என்றார்.

"அது எனக்குத் தெரியும் சார். ஆனா அப்படியே தொறந்து விட முடியாது. யார் யாரோ உங்க மிஷினைத் தட்டிட்டு இருக்காங்க."

அவர் முகம் வெளுத்தது. சம்பளக் கணக்கு முழுவதும் அந்த மிஷினில்தான் இருந்தது.

பியாட்ரிஸ் ஒரு நாள் யோசித்தாள். முனிராஜிடம் போய்ச் சொல்வதுதான் ஒழுங்கு. சொன்னால் இவர் கதி என்ன என்று தெரியவில்லை. கடைசியில், விதியை மறுபடி திறந்து, அவர் வீட்டு இணைப்பின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடும்படி எழுதினாள். வேறு யார் தட்டினாலும் பெட்டி வாயே திறக்காது.

ஒரு தொல்லை இருந்தது. வீட்டு பிராட்பேண்டுக்கு நிலையான முகவரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் மோடம் புது முகவரி வாங்கிக்கொள்ளும். அந்த வருடம் மல்லேஸ்வரத்தில் கரண்ட் போகாத நாள் அபூர்வம். ஆகவே அனந்தபத்மநாபன் வீட்டுக்குப் போனதும் போன் செய்வார். அன்றைய முகவரியின் நான்கு எண்களைப் படிப்பார். அவள் விதியில் மாற்றிப் போடுவாள். "கெடைச்சுது," என்பார். வைத்துவிடுவார்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் அவர் தயங்கினார். "ஆத்துக்காரிக்கு ஸ்பீச் தெரபி நடக்கறது. நம்பரெல்லாம் சொல்லிப் பழகணுமாம். இன்னிக்கு அவளே சொல்லட்டுமா? உனக்கு அவசரம் இருந்தா வேண்டாம்."

"அவசரம் இல்ல சார். குடுங்க."

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சொல், பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. பியாட்ரிஸ் இடையில் புகுந்து எடுத்துக் கொடுக்கவில்லை. இரைச்சல் பிடித்த வெளியூர் டிரங்க் லைன்களில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருடங்கள் அவளுக்கு அப்போது கைகொடுத்தன. வந்த எண்களைப் போட்டாள்.

"கெடைக்கலையே," என்று பின்னாலிருந்து அவர் குரல். "நாலுங்கறதுக்கு ஆறுன்னுட்டா."

"பரவால்ல. இன்னொரு தடவ சொல்லுங்க மா. நான் இங்கதான் இருக்கேன்."

தப்பான எண்ணைப் போட்டு யாரோ ஒரு அந்நியனுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டோம் என்ற உறுத்தலில் முதலில் விதியை நிறுத்திவிட்டு, பிறகு காதைக் கொடுத்தாள். மூன்றாவது முறை வழி திறந்தது. அந்தப் பக்கம் ஜகதாம்பாள் சிரித்த சத்தம் கேட்டது. பேச்சுப் போனாலும் சிரிப்பு போயிருக்கவில்லை.

அதன் பிறகு எண்களைச் சொல்வது ஜகதாம்பாள்தான். கரண்ட் போகாத நாளிலும் பயிற்சிக்காகப் பழைய எண்ணையே அவரைப் படிக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னாரா என்று பியாட்ரிஸ் சரிபார்ப்பாள்.

மழைக்காலம் முடியும்போது ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கேள்விகள் வந்தன. எங்கள் டிராயிங்குகள் உங்கள் சர்வரில் இருக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் வர எத்தனை வழிகள், யாருக்கு? முனிராஜ் அவளைக் கூப்பிட்டு, பதில் எழுதச் சொன்னார். அவள் நேராக அனந்தபத்மநாபனிடம் போனாள்.

"பொய் எழுத மாட்டேன் சார். நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. நாளைக்கு நான் எழுதிக் குடுக்கணும்."

அவர் அன்றே போய்ச் சொன்னார். முனிராஜ் இருவரையும் நிற்க வைத்துக் கன்னடம் கலந்த தமிழில் திட்டினார். மத்தியானம் வீட்டுக்குப் போனதற்கு அல்ல. "கம்பெனி சம்பளக் கணக்கை ரோட்ல வெச்ச மாதிரி ஒரு வருஷம் வெச்சிருக்கான் அந்தத் தருண். நீயும் தெரிஞ்சு சும்னே இருந்தியா? இதெல்லாம் பேடம்மா, வேண்டாம். இன்னிக்கே மூடு."

அவள் மூடினாள். திட்டியதில் நியாயம் இருந்ததால் அவளுக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுகை மட்டும் வந்தது. அனந்தபத்மநாபன் லீவு போட்டார். மாதக் கணக்கு முடிக்கும் நாள் வந்தபோது அக்கவுன்ட்ஸில் ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. முனிராஜ் தாமே அவள் அறைக்கு வந்து நின்றார்.

"ஒழுங்கான வழி ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். விபிஎன்னு ஒண்ணு. நம்ம பெட்டியிலேயே இருக்கு, லைசன்ஸ்தான் வாங்கணும். அவர் வீட்லேர்ந்து நம்ம பெட்டி வரைக்கும் பூட்டின குழாய் மாதிரி போகும். முகவரி எதுவா இருந்தாலும் பரவால்ல, ஆள் அவர்தானான்னு முதல்ல கேக்கும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"இதைக் கேட்டா அவர் விஷயமும் வெளிய வந்திருக்கும் சார். அதான் சொல்லல."

முனிராஜ் கையெழுத்துப் போட்டார். அதை அமைக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு முறை மொத்த மெயிலையும் நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் முடித்தாள். அனந்தபத்மநாபனுக்கு மத்தியானத்துக்கு மேல் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்தில் அனுமதி கிடைத்தது. ஜெர்மனிக்காரருக்கு அவள் எழுதிய பதிலில் இரண்டு போர்ட்டுகளும் ஒரு விபிஎன்னும் இருந்தன. அவர்கள் மறு கேள்வி கேட்கவில்லை.

இனி எண்கள் தேவையில்லை. முதல் நாள் பிற்பகல் போன் அடிக்காதபோது அவளுக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த நாளும் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் அடித்தது.

"விபிஎன் கெடைக்கலையா சார்?"

சார் இல்லை. மூச்சு வாங்கும் சத்தம். பியாட்ரிஸ் காத்திருந்தாள்.

"இன்னிக்கு... நம்பர் இல்லே," என்றார் ஜகதாம்பாள். படிப்பதற்கு எதிரே எதுவும் இல்லாமல், அவராகவே தேடி எடுத்த சொற்கள். "இங்க மழை. அங்க?"

பியாட்ரிஸ் எழுந்து, போன் கம்பி எட்டும் தூரம்வரை போய், ஜன்னல் வழியே பார்த்தாள். தொழிற்சாலை முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர்கள் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க இல்ல மா."

"வ...ரும்," என்றார் ஜகதாம்பாள்.