ஐஸ் சுட்ட இடம்

மகளின் கலியாணத்தில் மேற்சட்டை இல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, ஐம்பத்தெட்டு வயதில், கொழும்புக்குப் போய் வயிற்றை உறையவைத்துக்கொண்டு வந்தவன் நான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு நடந்ததைச் சொல்வதில் இருக்கிற வெட்கத்துக்குப் பக்கத்தில் இது சின்னது. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கன்னிகாதானம் செய்து கொடுக்கிற தகப்பன் வேட்டி சால்வையோடு ஐயருக்கு முன்னால் உட்கார வேண்டும். சால்வை மரியாதைக்கான துணி, மறைப்புக்கான துணி அல்ல. அதையும் இடுப்பில் கட்டச் சொல்லிவிடுவார்கள். முந்தியென்றால் முன்வரிசைக் கதிரைகளில் இருக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். இப்போது பக்கத்துக்கொரு கமரா, தலைக்கு மேலே பறக்கிற கமரா, கனடாவில் இருக்கிறவர்களுக்கு உடனுக்குடன் ஒளிபரப்பு. சம்பந்தியாக வரப்போகிறவரோ இளைப்பாறிய உடற்பயிற்சி ஆசிரியர். இறங்குதுறைப் பலகை போலத் தட்டையான வயிறு. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவருடைய வயிறு மட்டுந்தான் தெரிந்தது.

நடந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உட்துறைமுக வீதியில் நடந்தும் பார்த்தேன். அந்த வீதி சரியாக ஒரு தேத்தண்ணிக் கடையில் முடிகிறது. கடைக்காரர் அந்த நேரத்துக்குத்தான் வடை போடுவார். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போலத் திரிகிற மான்கள்கூட என்னைக் கண்டு விலகவில்லை. ஓடக்கூடிய ஆள் இல்லை என்று அவற்றுக்கே விளங்கியிருந்தது.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. கத்தியில்லை, ஊசியில்லை, நோவில்லை. கொழுப்பை உறையவைத்தால் அது செத்துப்போகும், செத்ததை உடம்பு தானாகவே கழித்துவிடும். நான் நிறையப் படித்தவன். நிறையப் படித்தவனை ஏமாற்றுவது சுலபம். விஞ்ஞானம் போல ஒன்றைக் காட்டினால் போதும். போதாததற்கு நான் திருகோணமலைக்காரன். எங்கள் ஊரில் நிலத்துக்குள்ளிருந்து வருகிற தண்ணீரே சுடுதண்ணீர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளிக் குளிக்கிறோம். எங்களுக்குத் தீங்கு எது வந்தாலும் சூடாகத்தான் வரும் என்று நம்பி வளர்ந்தவர்கள். குளிர் என்றால் ஐஸ்பழம், குளிர் என்றால் வங்கிக்குள் வரிசையில் நிற்கிற சுகம். குளிர் ஒருவரைக் கடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மனைவியிடம் புத்தக வெளியீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். நானும் வாறன் என்று எந்த மனைவியும் சொல்லாத ஓரிடம் இருக்குமானால் அது அதுதான்.

கொழும்பில் அந்த விளம்பரக்காரரின் இடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை மரியாதையாகக் கேள்விகள் கேட்டாள். குடலிறக்கம் இருக்கிறதா? குளிர் பட்டால் தோல் தடிக்குமா? குளிருக்கு விரல்கள் வெளிறி மரத்துப்போகுமா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசிக் கேள்வியில் மனைவியின் ஞாபகம் வந்தது. நுவரெலியாவுக்குப் போயிருந்தபோது அவளுடைய விரல்கள் மெழுகுதிரி போல வெளுத்ததும், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் கீழே போட்டதும். நல்ல கணவனைப் போல மனைவியை நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

ஈரமான ஒரு துணியை வயிற்றில் ஒட்டி, அதன் மேல் இயந்திரத்தின் வாயை வைத்தாள். அது என் இடது பக்கத்து வயிற்றை எட்டுக்கைப் பேய்க்கணவாய் பிடித்தது போல உள்ளே இழுத்துக்கொண்டது. முதலில் குத்தியது. பிறகு எரிந்தது. குளிர் எரியும் என்பதே எனக்குப் புதினம். பிறகு ஆழத்தில் ஒரு வலி, பிறகு ஒன்றுமில்லை. அந்த இடம் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. முடிந்ததும் வாயைக் கழற்றினாள். உள்ளே போனது வயிறு, வெளியே வந்தது மாஜரீன் கட்டி. சதுரமாக, வெள்ளையாக, விறைத்து நின்றது. அதைக் கரைப்பதற்கென்று இரண்டு கையாலும் பிசையத் தொடங்கினாள். அப்போது வந்த நோவுக்கு என்னிடம் சொல் இல்லை. எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

"ஐயா, கண்ணால தண்ணி வருது. நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை. ஏசிக் காத்து."

வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி கேட்டாள்.

"புத்தகம் எங்க?"

"எந்தப் புத்தகம்?"

"வெளியீட்டுக்குத்தானே போனனீங்கள்?"

தமிழ்ப் புத்தக வெளியீட்டிலிருந்து வெறுங்கையோடு தப்பி வந்தவர் எவருமில்லை. வாசலிலேயே மறித்துக் கையில் திணித்துவிடுவார்கள். அப்படி வந்தவற்றையெல்லாம் அலுமாரியில் அடுக்கித் தூசு தட்டுகிறவள் அவள். அவளிடம் போய் இந்தப் பொய்யைச் சொன்னேன்.

அவள் என் பெனியனை உயர்த்திப் பார்த்தாள். முத்திரை அடித்து வைத்தது போலச் சிவப்பாக ஒரு சதுரம். விசயத்தைச் சொன்னேன். கதிரையில் விழுந்து சிரித்தாள்.

"என்னப்பா இது? மாட்டுக்குக் குறி சுட்ட மாதிரி! காணாமல் போனால் கண்டுபிடிக்கவோ?"

சிரிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. முட்டாள்தனத்தை மறைக்க ஏலாதவன், குறைந்தது அதை வெற்றியாகவாவது காட்டப் பார்ப்பான்.

"சிரியும், சிரியும். ஒரு சொட்டும் நோகேல்லை, தெரியுமே? ஐஸ்பழம் குடிச்ச மாதிரி. உமக்கெண்டாலும் செய்யலாம்."

கடைசி வசனத்துக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. சும்மா ஒரு அழகுக்குச் சேர்த்தேன். எழுதுகிறபோதும் எனக்கு இந்தப் பழக்கம் உண்டு.

நாலைந்து நாள் கழித்துத்தான் உண்மையான நோ தொடங்கியது. ஊசியால் உள்ளேயிருந்து குத்துவது போல, நினைத்த நேரத்தில் வரும். மேல்தோலோ மரத்துக் கிடந்தது. தொட்டால் அயல்வீட்டுக்காரரின் வயிற்றைத் தொட்டது போல ஒரு கூச்சம். ஒன்றையும் அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. குத்துகிறபோது எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்தேன். கடலை ரசிக்கிறேன் என்று நினைத்திருப்பாள் என நினைத்தேன்.

அடுத்த மாதம் அவள் கலியாணத்துக்குத் தன்னுடைய சேலை எடுக்கக் கொழும்புக்குப் போய் வந்தாள். வந்தவள் சேலையைக்கூடப் பிரித்துக் காட்டாமல் கட்டிலில் சாய்ந்தாள்.

"என்னப்பா, ஏலாதோ?"

"நானும் செய்தனான்."

"என்னத்தை?"

உடுப்பை விலக்கிக் காட்டினாள். உள்ளங்கையளவு இடம் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அதன் மேல் தண்ணீர் கோத்த கொப்புளங்கள், ஒன்றோடொன்று சேர்ந்து.

"கொஞ்சம் கூடிப்போச்சுப் போல," என்றாள். அவ்வளவுதான். நீங்கள்தானே சொன்னனீங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். சண்டையில் பாதிக் குற்றம் கரைந்திருக்கும். அவள் அந்த உதவியைச் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி துணியை விலக்கிப் பார்த்தாள்.

"சுடுதண்ணியோ? எண்ணெயோ?"

"ஐஸ்," என்றாள் மனைவி.

"ஐஸோ?" தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெண்சாதிமாருடைய காயங்களைப் பார்த்துவிட்டுப் புருசன்மாரைப் பார்த்துப் பழகிய பார்வை. "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

என் பொய்களிலெல்லாம் இதுதான் பெரியது.

டொக்டர் இளம் ஆள். பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"குளிரும் சுடும் அம்மா. உங்கட விரல் குளிருக்கு வெளிறுறதோ?"

"ஓம். சின்னனில இருந்தே."

"அப்பிடியான ஆக்கள் உதுக்குப் போகவே கூடாது. அங்க கேக்கேல்லையோ?"

"கேட்டவை. இல்லையெண்டு சொன்னனான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆற நாளெடுக்கும், தழும்பு நிற்கும், இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்றார். சிலருக்குக் கொழுப்புக் கரைவதற்குப் பதிலாகத் தடித்துக் கட்டியாக வளர்ந்துவிடும், பிறகு கத்திதான் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அது எப்படித் தெரியவரும் என்று ஒரு நண்பருக்காகக் கேட்டேன். டொக்டர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "இடுப்பில கட்டக் கூடாதாம். பெட்டைக்குத் தாரை வாக்கிற நேரம் நான் நைற்றியோடயே நிக்கிறது?"

கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே கவலை, அவள் அந்த மணவறையில் நிமிர்ந்து நிற்பாளா என்பதுதான்.

பலகாரச்சூடு வந்தது. கலியாண வீட்டுப் பெண்களெல்லாம் கூடி எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி இருந்து அரியதரமும் சிப்பியும் சுடுகிற நாள். முதல் பலகாரத்தை எண்ணெயில் போடவேண்டியவள் பெண்ணின் தாய். அவள் நைற்றியோடு தூரத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். அடுப்பின் சூட்டைக்கூடத் தாங்க ஏலாமல் இருந்தது. திரியாயிலிருந்து வந்த அவளுடைய அக்காவின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

"என்னடி, விலத்தி விலத்தி இருக்கிறாய்?"

"முந்தநாள் எண்ணெய் தெறிச்சுப்போட்டுது அக்கா. வயித்தில."

அக்கா என் பக்கம் திரும்பினாள். என்னைவிட மூத்தவள், தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் தம்பி, கலியாண வீட்டில மனிசியைத் தனிய அடுப்படியில விட்டிட்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"எழுதிக்கொண்டிருந்தனான் அக்கா."

"என்னத்தை?"

"பகிடிக் கதை."

"நல்ல பகிடிதான்! இஞ்ச ஒருத்தி வெந்துபோய்க் கிடக்கிறாள், அங்க இவருக்குப் பகிடி."

குசினி முழுக்கச் சிரித்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். செய்த குற்றத்துக்குத் திட்ட ஆளில்லாதவனுக்கு, செய்யாத குற்றத்துக்குக் கிடைக்கிற திட்டும் ஒரு ஆறுதல்தான். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது. ஆனால் அரியதரம் கருகத் தொடங்கியதால் அவள் போய்விட்டாள்.

காலையில் மருந்து கட்டுவது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய கட்டைப் பிரிக்கும்போது தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். "நோகுதோ?" என்று கேட்பேன். "இல்லை," என்பாள். எனக்கு நன்றாகப் பழக்கமான "இல்லை" அது. ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஞ்சைக் கையில் எடுப்பேன். கட்டி முடிந்ததும் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

கலியாணத்தன்று அக்கா அவளுக்குச் சேலை உடுத்திவிட்டாள். காயத்துக்கு மேலே மெல்லிய பருத்தித் துணி, இடுப்புக்கு வெகு மேலே கொசுவம். நான் மேற்சட்டையில்லாமல் உட்கார்ந்தேன். மண்டபத்தில் ஒருவரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. பறக்கிற கமராகூட மகளைத்தான் சுற்றியது. இதற்காகத்தான் இவ்வளவும்.

தாரை வார்க்க எழுந்து நின்றோம். செம்பை ஏந்திக் கைகளை முன்னால் நீட்டி, கொஞ்சம் குனிந்து அவள் தண்ணீர் விட வேண்டும். ஐயர் இரண்டு பக்கத்துப் பரம்பரையையும் மூன்று தலைமுறைக்குச் சொல்லி, மூன்று தரம் சொன்னார். எங்கள் முன்னோர்கள் இவ்வளவு பேரா என்று அன்றைக்குத்தான் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. செம்பு நடுங்கியது. நான் என் கையை அடியில் கொடுத்துப் பிடித்தேன். படமெடுக்கிறவர், "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ," என்றார். சிரித்தாள். அந்தப் படந்தான் இப்போது சட்டம் போட்டு எங்கள் முன்னறையில் தொங்குகிறது. என்ன சந்தோசமான முகம் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் போய், சொந்தக்காரரும் போய், வீடு அமைதியானது. சேலை உரசிய இடத்தில் காயம் திரும்பக் கசிந்திருந்தது. நான் நிலத்தில் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சரும், ஒரு விசயம் சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ."

சொன்னேன். ஒரு சொட்டும் நோகேல்லை என்றது பொய், அந்தப் பிள்ளை பிசையப் பிசைய அழுதேன், வந்து நாலைந்து நாளில் உள்ளே ஊசி குத்தத் தொடங்கியது, வெளிறுகிற விரல்களைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்டபோது உம்மைத்தான் நினைத்தேன், நினைத்தும் உம்மிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உடைந்தது. நான் உடைக்கவில்லை, அதுவாக உடைந்தது.

"என்னாலதான் உமக்கு இது வந்தது. நான் சொன்ன கதையை நம்பித்தானே நீர் போனனீர்."

அழுவாள், அல்லது ஏசுவாள், அல்லது பரவாயில்லை என்பாள். மூன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவள் பிளாஸ்டரை எடுத்துத் தரும்படி கையை நீட்டினாள்.

"உங்களுக்கு என்ன விசரே? இத்தனை வருசத்தில நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் எப்ப ஒரு காரியம் செய்தனான்?"