சேரப்போகிற கம்பெனியின் பங்குதாரர்

டிஷ் ஆன்டெனாவைக் கண்டாலே சவரிராயனுக்கு ஆகாது. திண்டிவனம் ரோஷணைப் பக்கம் முப்பது வருஷமாகக் கேபிள் டிவி நடத்துகிறவர். எந்த மொட்டைமாடியில் புதிதாக ஒரு டிஷ் ஏறினாலும், அந்த வீட்டுக்காரரைத் தெருவில் மடக்கி, "இன்னா சார், மழ பேஞ்சா படம் தெரியுதா?" என்று கேட்காமல் விடமாட்டார். அப்படிப்பட்டவர் போன ஏப்ரல் கடைசியில் ஒரு டிஷ் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். ஒன்று இரண்டல்ல, பதினைந்தாயிரம். பணம் அவருடையதல்ல. அவர் மனைவி லூர்துசெல்வி சேர்த்தது.

சவரிராயன் பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட நிலத்தில் வேலை செய்யப் பிடிக்காமல் திண்டிவனத்துக்கு வந்து, ஒரு ரேடியோ கடையில் மூன்று வருஷம் இருந்தார். தொண்ணூற்று நான்கில் ஒரு சின்ன அறை, ஒரு குடை ஆன்டெனா, தென்னைமரத்துக்குத் தென்னைமரம் இழுத்துக் கட்டிய ஒயர் என்று தொழிலை ஆரம்பித்தார். அப்போது ஊரில் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. படம் பாதியில் நின்றால் தாசில்தார் வீட்டிலிருந்தே ஆள் வரும். அந்த மரியாதைதான் அவரைக் கெடுத்தது. தொழில் தன்னைத் தேடி வரும், தான் தொழிலைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று அன்றைக்கு மனதில் பதிந்தது இன்றுவரை போகவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்த இடத்தில் இப்போது நூற்று அறுபத்து மூன்று. அதையும் பிடித்து வைத்திருப்பது லூர்துசெல்விதான். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு போட்ட வீட்டில் பிறந்தவர். மாதம் பிறந்தால் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் வசூல் செய்வார். பெட்டி வேலை செய்யவில்லை என்றால் முதல் போன் அவருக்குத்தான் வரும். கம்பம் ஏறுவது மட்டும் சவரிராயன் பங்கு. அதற்கும் முழங்கால் வலி என்று பாதி நாள் ஏறுவதில்லை.

மார்ச்சில் கன்ட்ரோல் ரூமிலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள். சேனல்களை மொத்தமாக எடுத்து ஊர்க் கேபிள்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிற அலுவலகத்தைத்தான் இவர்கள் கன்ட்ரோல் ரூம் என்பார்கள். அதன் முதலாளி முருகையன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இனி கேபிளை மட்டும் நம்பினால் ஆகாது. ஃபைபர் வருகிறது. இன்டர்நெட், டிவி எல்லாம் ஒரே ஒயர். சவரிராயனின் ஏரியா மூன்று பகுதி. பகுதிக்கு அறுபதாயிரம் டெபாசிட். மே முப்பத்தொன்றுக்குள் செக்காகக் கட்டினால் ஏரியா அவருக்கு. கட்டாவிட்டால், கிடங்கல் பக்கம் கேபிள் நடத்துகிற ஆன்டனி தயாராக இருக்கிறார்.

லூர்துசெல்வி வீட்டுக்கு வந்த உடனே முடிவு செய்துவிட்டார். இரண்டு சீட்டு எடுத்து அஞ்சலகத்தில் போட்டிருந்த பணம் சரியாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் தேறியது. செக் புத்தகம் சவரிராயன் பெயரில் இருந்த கணக்குக்குத்தான் இருந்தது. அதனால் பணத்தை அதில் கட்டினார். அவர் வாழ்க்கையில் செய்த தவறுகளைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்வார்.

சவரிராயனுக்குக் காலை ஒன்பதே கால் மணிக்கு நேரு வீதி டீக்கடையில் ஒரு கூட்டம் உண்டு. பங்குச் சந்தை திறக்கிற நேரம் அது. ஆறேழு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு டீயில் பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். பம்பாயில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்பதுபோல, எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியோடு சேரப்போகிறது என்று பேசுவார்கள். பேசுகிறவர்களில் ஒருவர் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்து நான்கு வருஷமாகிறது. அதைப் பற்றி விசாரிக்க அவருக்கு நேரமில்லை. கூட்டத்துக்குத் தலைவர் சகாயராஜ். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். டெலிகிராமில் வருவதைத் தமிழில் சொல்வது அவர் வேலை.

"தரங்கா இருக்குதே, போன் கம்பெனி, அவன் ககன் டிஷ்ஷ வாங்கப் போறான்" என்றார் சகாயராஜ் ஒருநாள். "போனு, டிவி, நெட்டு எல்லாம் ஒரே பில்லு. ககன் பங்கு இப்ப பன்னெண்டு ரூபா. டீல் வெளிய வந்தா இருபத்திநாலு. எழுதி வச்சிக்கோங்க."

"நெசமாவா?" என்றார் சவரிராயன்.

"நீங்கதான் சவரி சொல்லணும். இந்த லைனுல ஊறிப்போனவரு நீங்க. நாங்க இன்னாத்த கண்டோம்?"

அவ்வளவுதான். ஊறிப்போனவர் மறுநாள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

விழுப்புரத்தில் அமீர் பாட்சா என்று ஒரு விநியோகஸ்தர். சொந்த ஊர் கோட்டக்குப்பம். கேபிள் பெட்டி, டிஷ் பெட்டி, ரிமோட் எல்லாம் சுற்று வட்டாரத்துக்கு அவர் கொடவுனிலிருந்துதான் போகும். சவரிராயன் போய்ப் பார்த்தபோது, ககன் பெட்டிகள் வழக்கமாகக் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருக்கும் மூலை காலியாகக் கிடந்தது.

"இன்னா பாய், ககன் பெட்டி வரலியா?"

"ஒரு மாசமா வரல சவரிண்ணே" என்றார் அமீர் பாட்சா, ஒரு லோடைக் கணக்குப் பார்த்துக்கொண்டே.

சவரிராயனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் பழைய கன்ட்ரோல் ரூமை முருகையன் வாங்கியபோதும் இப்படித்தான் ஆறு வாரம் பெட்டி வரவில்லை. பிறகு புதுப் பெயர் ஒட்டி வந்தது. கம்பெனி கைமாறப்போகிறது என்றால் முதலில் பெட்டி நிற்கும் என்பது கேபிள்காரனுக்குத் தெரிந்த விஷயம். பம்பாய்க்காரனுக்குத் தெரியுமா? டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவனுக்குத் தெரியுமா? ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. தனக்கு விடை தெரிந்த கேள்வியை யாராவது கேட்பார்களா? சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

திரும்புகிற பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அந்த இருபது நிமிஷத்தில் போனிலேயே பதினைந்தாயிரம் பங்குகளையும் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கி முடித்தார். நூற்று அறுபத்து மூன்று வீடுகளின் எதிர்காலம் டோல்கேட் வரிசையில் போய்விட்டது.

பதினைந்து நாள் அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் விலைதான் மனதில் ஓடியது. வலி தெரியவில்லை. மே இரண்டாவது வாரத்தில் லூர்துசெல்வி செக்கைக் கேட்டார். அப்போதுதான், ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பதினாலு நாப்பது ஓடுது லூர்து. முப்பத்தாறாயிரம் லாபம், உக்காந்த எடத்துல."

"இப்பவே வித்துடுங்க" என்றார் லூர்துசெல்வி.

"உனுக்கு தெரியாது. இருபத்திநாலு போவும்."

"எனுக்கு இருபத்திநாலு வாணாம். என் காசு வந்தா போதும். ஏங்க, டிஷ்காரனால நம்ம ஏரியாவுல பாதி கனெக்‌ஷன் போச்சி. அவன் கம்பெனியே ஓடலன்னுதான இன்னொருத்தன் தலையில கட்டப் பாக்கறான்? அத போயி வாங்கிக்கினு வந்து நிக்கறீங்களே!"

"பெட்டி நின்னுபோச்சி லூர்து. என் கண்ணால பாத்தேன்."

"பெட்டி நின்னா கட பூட்டுதுன்னு அர்த்தம். எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

வியாபாரம் பெண்களுக்குப் புரியாது என்று சவரிராயன் நினைத்தார். வியாபாரத்தைப் பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் தரங்கா கம்பெனி பங்குச் சந்தைக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் கொடுத்தது. ககனை வாங்குவது பற்றி யாரோடும் பேசவில்லை, பேசும் எண்ணமும் இல்லை. மறுநாள் காலை சந்தை திறந்ததும் ககன் ஐந்து சதவீதம் இறங்கி அங்கேயே நின்றது. ஒரு நாளைக்கு அதற்குமேல் இறங்கவிட மாட்டார்கள். ஆனால் அந்த விலையிலும் வாங்க ஆளில்லை. விற்கக் கோடிக்கணக்கில் வரிசை. அதில் திண்டிவனத்துப் பதினைந்தாயிரமும் ஒன்று.

டீக்கடையில் சகாயராஜ் தளரவில்லை. "இது நல்லதுக்குத்தான். சின்ன ஆளுங்கள பயமுறுத்தி வெளிய தள்றாங்க. பெரிய கை அடியில இருந்து வாங்கறான்."

"நீங்க எவ்ளோ வச்சிருக்கீங்க?" என்று அன்றைக்குத்தான் சவரிராயன் கேட்டார்.

சகாயராஜ் டீயை ஒருமுறை ஊதினார். "எனுக்கு இன்னும் அக்கவுன்ட்டே ஓப்பன் ஆவல. ஆதார்ல பேரு தப்பா கீது, பேஜாரா போச்சி."

இருபது வருஷமாகப் பங்கு சொல்லிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. கூட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அடுத்த கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

லூர்துசெல்வி விழுப்புரத்துக்குத் தானே போனார். அமீர் பாட்சா நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"பாய், ககன் பெட்டி ஏன் வரல?"

"பெட்டி செய்யற ஃபேக்டரிக்கு அவன் துட்டு குடுக்கலக்கா. எனுக்கே நாலு மாச கமிஷன் நிக்குது. எதுக்கு கேக்கறீங்க?"

"அவர்கிட்ட சொன்னீங்களா இத?"

"அண்ணன் கேக்கலியே! வரலியான்னாரு, வரலன்னேன். சிரிச்சிக்கினே போய்ட்டாரு. ஏதோ நல்ல சேதின்னு நெனச்சேன்."

லூர்துசெல்வி டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கணவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். விற்கப் போட்டாரா இல்லையா என்று திரையைப் பார்த்துவிட்டுத்தான் வசூலுக்குப் புறப்படுவார். "நாளைக்கு ஏறும் லூர்து" என்று ஒருநாள் ஆரம்பித்தார் சவரிராயன். "ஏறட்டும். நம்மளுது இல்லாம ஏறட்டும்" என்றார் லூர்துசெல்வி. பதினோரு நாள் ஒவ்வொரு படியாக இறங்கி, எட்டு ரூபாய் இருபது காசில் யாரோ ஒரு மகராசன் வாங்கினான். அவனும் ஏதோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். எல்லாம் போக ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் கைக்கு வந்தது.

கெடுவுக்கு ஒருநாள் முன்னால் இருவரும் கன்ட்ரோல் ரூமுக்குப் போனார்கள். முருகையன் கணக்கைக் கேட்டுக்கொண்டார்.

"பகுதிக்கு அறுபது, நான் கொறைக்க முடியாதும்மா. ரெண்டு எடுத்துக்கோங்க. ஒண்ணு ஆன்டனிக்குப் போவும். எது வாணாம்னு நீங்களே சொல்லிடுங்க."

"சர்ச் தெருவ குடுத்துடுங்க" என்றார் லூர்துசெல்வி.

சவரிராயன் பதறிவிட்டார். அது அவர்கள் குடியிருக்கும் தெரு. முதன்முதலில் ஒயர் இழுத்த தெரு. "லூர்து, அது நம்ம தெரு. ஊர்ல தல காட்ட முடியாது."

"நம்ம தெருவுல நாப்பத்தொரு கனெக்‌ஷன். அதுல பதினெட்டு உங்க சொந்தம். சித்தப்பன், மச்சான், மச்சானோட மச்சான். ஒருத்தராவது மாசம் பொறந்தா காசு குடுத்திருக்காங்களா? அங்க போய் அறுபதாயிரத்த கொட்டறதா?"

முருகையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை எடுத்தார். "யார் பேர்ல போடறது?"

"என் பேர்ல" என்றார் லூர்துசெல்வி. "புதுசா என் பேர்ல கணக்கு ஓப்பன் பண்ணிட்டேன். செக்கும் அதுதான்." சவரிராயனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஓர் இடம் இருந்தது. போட்டார்.

ஜூன் கடைசியில் சர்ச் தெருவில் ஆன்டனியின் ஆட்கள் ஃபைபர் இழுத்தார்கள். ஒவ்வொரு வீடாக வந்து, கடைசியில் இவர்கள் வாசலில் ஆன்டனியே வந்து நின்றார். சவரிராயன் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"கோச்சிக்காதக்கா. இந்த தெரு என்னுதா போச்சி. உங்க வூட்டுக்கும் நான்தான் போடணும். காசு வாணாம், தொழில்காரங்க நாம."

"அதெல்லாம் வாணாம் ஆன்டனி. மத்தவங்களுக்கு எவ்ளோ?"

"ஐநூறு."

"போட்டுடு. ஒண்ணாந்தேதி காசு உன் ஆபீசுக்கு வந்துடும்."

"வசூலுக்கு நானே ஆள் அனுப்பறேன்க்கா."

"ஆள் எதுக்கு? எங்க வூட்டுக்காரரு கொண்டாந்து குடுப்பாரு" என்றார் லூர்துசெல்வி, கதவுக்குப் பின்னாலும் கேட்கும்படி. "மாசாமாசம், அவரு கையால. ரசீது வாங்கிக்கினு வரணும்."