கூரை ஏறிய பறங்கிக்கொடி

காஜா பெராங்கில் நாங்கள் குடிவந்த பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தோம். இடுப்பளவு லாலான் புல்தான் இருந்தது. பழைய பந்தலின் ஒரு கால் மட்டும் அதற்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மெர்டேக்கா, சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. என் கணவர் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் காதில் விழுகிற பேச்சையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"நாடே சொந்தக் கால்ல நிக்கப் போவுது. நாம இன்னும் கத்திரிக்காய்க்குப் பசார்ல போய் நிக்கிறோம். வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கமாக இல்லை. பசார் கத்திரிக்காய் நன்றாகவே இருந்தது.

"அக்கம்பக்கத்துல எல்லாரும் காய் பறிச்சிக்கிட்டு இருக்காங்க. இப்பப் போய் விதைக்கிறதா? இந்தப் போகம் முடியட்டுமே" என்றேன்.

"பஸ்ஸு கெளம்பிட்டா என்னா? ஓடிப்போய்த் தொத்திக்க வேண்டியதுதான்."

அடுத்த லீவு நாளில் புது மண்வெட்டியோடு இறங்கினார். கண்டக்டர் விசிலும் கழுத்திலேயே தொங்கியது. லாலானை வெட்டி வெட்டிப் போட, உள்ளே ஒரு கொடி உயிரோடு கிடந்தது. வெள்ளரி என்றார் அவர். பீர்க்கு என்றேன் நான். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, "லாபு லா!" என்றார். பறங்கிக்காய்.

அவர் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழ்ந்து மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும். சாமி பெயரெல்லாம் தமிழில் வரும். மற்றப் பேச்சு முழுக்க மலாய். மலாயில் அக்காவை 'காக்கா' என்று கூப்பிட வேண்டும். வாய் நிறையக் 'காக்கா' என்று ஒரு மனுஷியைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. 'அக்கா' என்றே கூப்பிட்டேன். அவரும் திரும்பிப் பார்த்தார்.

கொடியை விட்டுவைத்தோம். மிச்ச இடத்தில் பயற்றங்காயும் வெண்டையும் விதைத்தோம். விதைத்தவை முளைத்தன. முளைத்தவற்றை அக்காவின் கோழிகள் தின்றன. கோழிகளை வெளியேற்ற என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலிக்கு வெளியே பழைய சோற்றை இறைத்துவிட்டு விசில் ஊதினார். கோழிகள் ஓடின. நாலைந்து நாள் இப்படியே நடந்தது. அதற்கப்புறம் விசில் சத்தம் கேட்டாலே காஜா பெராங்கில் உள்ள கோழியெல்லாம் எங்கள் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தது.

"எறங்கு, எறங்கு! எடமில்ல!" என்று அவர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்பார். கோழிகள் அவர் கால் இடுக்கு வழியாக உள்ளே போகும்.

பறங்கிக்கொடியை மட்டும் எந்தக் கோழியும் தொடவில்லை. அதற்கென்று புதுப்பந்தல் கட்டினோம். அது பந்தலைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலியைத் தாண்டி, அக்கா வீட்டு அடுப்படிச் சுவரைப் பிடித்து, ஓலைக்கூரை மேல் ஏறிவிட்டது. அங்கே பூத்து, கூரை நடுவில் ஒரே ஒரு காய் பிடித்தது.

அது உள்ளங்கை அளவு இருக்கும்வரை எல்லாரும் நண்பர்களாகத்தான் இருந்தோம். குடத்தளவு ஆனபோது அக்கா வேலியோரம் வந்து நின்று, "சாயா பூன்யா ஆத்தாப், சாயா பூன்யா லாபு" என்றார். என் கூரை, என் பறங்கிக்காய்.

என் கணவரும் மலாயில் பதில் சொன்னார். பஸ் எங்கே நின்றாலும் அது கிளம்பின டிப்போவுக்குத்தான் சொந்தம். வேர் எங்கள் மண்ணில் இருக்கிறது என்றார். நான் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இந்த நேரம் பார்த்து மூன்றாவது ஆள் வந்தார். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்து, புக்கிட் பாருவுக்கு மாறிப்போனவர். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அது நான் போட்ட வித்து."

"நீங்க வுட்டுட்டுப் போனீங்கண்ணே. லாலான்ல செத்துக் கெடந்திச்சி. காப்பாத்துனது நானு."

"பெத்தவன் பெத்தவன்தான் தம்பி."

அந்த வருஷம் பேச்சுவார்த்தை என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. எங்கள் வேலியோரத்திலும் ஞாயிறுதோறும் பேச்சுவார்த்தை நடந்தது. மூவரும் பேசுவார்கள், நான் தேநீர் கொடுப்பேன். முடிவு தெரியும்வரை யாரும் காயைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. காய் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது. கூரை நடுவில் குழி விழுந்தது.

"கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா?" என்றார் புக்கிட் பாருக்காரர். "ஏறி எறக்கி வையேன் தம்பி. அப்பறம் பேசிக்கலாம்."

"கோழியும் புடிக்க மாட்டேன், கூரையும் ஏற மாட்டேன். எனக்குத் தலை சுத்தும்" என்றார் என் கணவர். ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்குகிற மனுஷன்!

ஒரு ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. மூவரும் எங்கள் வீட்டு இறவாணத்துக்குக் கீழே ஒதுங்கி நின்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று படார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து தொபுக்கடீர் என்று இன்னொன்று. கூரைமேல் காயைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓட்டை.

"அலாமா!" என்று அக்கா ஓட, நாங்களும் ஓடினோம். என் கணவர் எதற்கென்று தெரியாமல் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார்.

பறங்கிக்காய் அடுப்படித் தண்ணீர்ச் சாடிக்குள் விழுந்திருந்தது. விழுந்தது என்றால் பாதிதான். சாடி வாயில் இறுகச் செருகிக்கொண்டு, மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது. இழுத்தார்கள், வரவில்லை. அமுக்கினார்கள், போகவில்லை. என் கணவர் காயைக் கட்டிப்பிடிக்க, புக்கிட் பாருக்காரர் என் கணவரைக் கட்டிப்பிடித்து இழுக்க, சாடி முழுசாக நகர்ந்து அக்காவின் கால்மேல் ஏறப் பார்த்தது. இதற்குள் விசில் கேட்டு வந்த கோழிகள் வேறு நனைந்துகொண்டு வாசலில் நின்றன.

"தள்ளு!" என்றார் அக்கா. அது எங்களைத் தள்ளிப்போகச் சொன்ன தமிழ். அவர் அந்தச் சொல் சொல்லிக் கேட்டது அன்றுதான். அரிவாளை எடுத்துவந்து, சாடி வாயில் இருந்தபடியே காயைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தார். ஆண்கள் இரண்டு பேரும் முறத்தைப் பிடித்துக்கொண்டு பணிவாக நின்றார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. அக்கா உள்ளே இருந்த விதையையெல்லாம் இரண்டு கையாலும் வழித்து, ஜன்னல் பக்கம் திரும்பி, பார்க்காமலே வீசினார். விதைகள் வேலியைத் தாண்டி எங்கள் தோட்டத்தில் போய் விழுந்தன.

என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். "அக்கா, எப்பவும் அங்கதான் வீசுவீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"பிறகு எங்கே வீச? இந்தப் பக்கம் கோழி இருக்கிறதே" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பது போல.

நான் புக்கிட் பாருக்காரரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"நெனச்சிப் பாத்தா, நான் போட்டது மொளகா வித்துதான் தங்கச்சி. ஆனாலும் மண்ண மொதல்ல கொத்துனது நானு. ஒரு துண்டு குடுக்கச் சொல்லு."

கூரையும் தன்னுடையது, விதையும் தன்னுடையது என்று ஆனபிறகு அக்காவுக்கு மனசு தாராளமாகிவிட்டது. பாதியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து எல்லாருக்கும் போட்டார். அடுப்படியில் ஓட்டைக்கு நேர் கீழே ஒரு தகர டின்னை வைத்துவிட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். காய் முற்றிப்போய் நார்நாராக இருந்தது. என் கணவர் மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். "பசார்ல இந்த மாதிரி கெடைக்குமா?" என்று என்னைக் கேட்டார். நிச்சயமாகக் கிடைக்காது என்றேன்.

மறுவாரம் கூரைக்குப் புது ஓலை வாங்கிவந்தோம். வேறு வழியில்லாமல் என் கணவரே ஏணியில் ஏறினார். மேலே போய்க் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும் என்று கேட்டார். கீழே நின்று அக்கா மலாயிலும், சைக்கிளில் வந்து சேர்ந்திருந்த புக்கிட் பாருக்காரர் தமிழிலும் வழி சொன்னார்கள். ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார். ஓலை வேய்ந்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.