புளியந்தீவு என்றொரு போல்டர்

என் பாட்டுகளை நான் அடுக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்து என் மச்சான் சிரிக்காத நாளில்லை. தங்கச்சியின் புருசன். என்னைப் போலவே படிப்பை இடையில் விட்ட ஆள்தான், ஆனால் வாய் மட்டும் பட்டம் வாங்கினது.

படம் படமாகப் பிரி, பாடினவர் பெயரைப் போடு என்பான். நான் இடம் இடமாகப் பிரித்தேன். எந்தப் பாட்டை எந்த ஊரில் எடுத்தேனோ அந்த ஊர்தான் போல்டரின் பெயர். செங்கலடிக் கடையில் ஏற்றினது செங்கலடி. மச்சானிடம் வாங்கினது அவன் ஊர்ப் பெயரில் தன்னாமுனை. தொலைந்தால் எங்கே போய்த் திரும்பக் கேட்பது என்று தெரிய வேண்டாமா? தொலையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒருமுறை தொலைந்ததுதானே.

பெரியகல்லாற்றில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எங்கள் வீடு. கசெற் காலத்திலேயே நான் கல்யாணம், பெண்பிள்ளை சாமத்தியம், கோயில் சடங்கு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவன். சுனாமி ஸ்பீக்கரையும் கொண்டுபோனது, அலுமாரி நிறைய இருந்த கசெற்றையும் கொண்டுபோனது. ஆக்களைக் கடல் கொண்டுபோன ஊரில் பாட்டுப் போனதென்று யாரிடம் அழுவது? நிவாரணத்துக்கு வந்த ஒருவர் என்னென்ன போனது என்று கேட்டார். பாட்டு என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செமிக்கவில்லை.

மணலைக் கிண்டினபோது ஒரு பொலித்தீன் பை கிடைத்தது. கடைப்பாட்டு இல்லை. கண்ணகி அம்மன் கோயில் சடங்குகளில் நானே மைக் பிடித்துப் பதிந்தவை: குளிர்த்திப் பாட்டு, உடுக்கு, எங்கள் ஊர்ப் பெண்கள் போட்ட குரவை, கும்மி. அந்தக் கும்மியில் பாடினவர்களில் பாதிப் பேர் அப்போது உயிரோடு இல்லை. கசெற்றுகளைக் கழற்றி, நாடாவில் ஏறின உப்பைக் கழுவினேன். கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால் குடிக்கவென்று லொறியில் வந்த பவுசர் தண்ணீரில்தான் கழுவினேன். வீட்டில் மனிசி ஏசின ஏச்சு கொஞ்சமல்ல.

நிழலில் காயவைத்து, டவுனுக்குள் இருக்கிற புளியந்தீவில் றேடியோவும் கொம்பியூட்டரும் திருத்துகிற காத்தான்குடி முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நாடாக்களைப் புதுக்கூட்டில் சுற்றி, ஓடவிட்டு, கொம்பியூட்டருக்குள் ஏற்றினார். அந்த ஒரு ஓட்டத்தோடு நாடாக்கள் உதிர்ந்துபோயின. சில இடத்தில் குரல் தண்ணிக்குள்ளால் வருகிற மாதிரி இருக்கும். இருக்கட்டும், வந்ததே. தமிழில் பெயர் அடித்தால் அந்தக் காலத்துக் கொம்பியூட்டரில் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அதனால் இங்கிலீசு எழுத்தில் PULIYANTHIVU என்று அடித்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த எழுத்துக் கூட்டினதே பெரிய காரியம்.

பிறகு பழைய லப்டொப் ஒன்று கைக்கு வந்தது. ஊரில் என்னை டீஜே என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எல்லாப் பாட்டையும் ஒரு ஹாட் டிஸ்கில் இன்னொரு கொப்பி எடுத்து, கடல் வராத தன்னாமுனையில் மச்சான் வீட்டில் வைத்தேன். மாதத்துக்கொருமுறை போய், போட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு வருவேன்.

“டீஜே எண்டா மத்தவனை ஆடப்பண்ணுறவன், மச்சான். நீ என்னெண்டா நீயே நடுங்கிக்கொண்டு நிக்கிறாய்” என்பான்.

சண்டை முடிவதற்கு முந்தின காலம். செங்கலடியில் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் போடப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். லப்டொப்பைத் திற என்றார்கள். திறந்தேன். சிப்பாயின் விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கி, ஒன்றில் நின்றது. முதல் நாலு எழுத்தை மட்டும் வாய்விட்டு வாசித்தான். புலி. தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

“கொட்டியா?” என்று கேட்டான். சிங்களத்தில் புலி.

இங்கிலீசு எழுத்துக்குப் புலியும் தெரியாது, புளியும் தெரியாது. அதற்கு ல-வும் ள-வும் ஒன்றுதான். ஊரின் பெயர் என்றேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிகிற கரையைக் கையால் காட்டினேன். புளியமரத்துப் புளி என்று சொல்ல வேண்டும், அதற்குச் சிங்களச் சொல் எனக்குத் தெரியாது. கறிக்குக் கரைக்கிற மாதிரி விரலைப் பிசைந்து காட்டினேன். கண்ணைச் சுருக்கி, நாக்கைச் சப்புக் கொட்டினேன். பழிக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

பாட்டைப் போட்டுக் கேளுங்கள் என்று கும்பிட்டேன். போட்டார்கள். குரவைச் சத்தம் வந்ததும் பக்கத்தில் நின்ற மற்றச் சிப்பாய் முகத்தைச் சுளித்து நிறுத்தினான். அம்மனுடைய கோபம் ஆறப் பாடுகிற பாட்டு அது. அதைக் கேட்டு அவர்களுக்குக் கோபம் ஏறினது.

பொழுதுபடும்வரை என்னை மர வாங்கில் இருத்திவிட்டு, வெறுங்கையோடு அனுப்பினார்கள். அடுத்த கிழமை போய் லப்டொப்பை வாங்கினேன். செங்கலடி இருந்தது, தன்னாமுனை இருந்தது. காசு கொடுத்தால் எந்தக் கடையிலும் கிடைக்கிற குத்துப்பாட்டெல்லாம் ஒன்றுகூடக் குறையவில்லை. புளியந்தீவை மட்டும் அழித்திருந்தார்கள். எந்த மண்ணைச் சுற்றிக் காவல் நிற்கிறோமோ அந்த மண்ணின் பெயர் என்ன என்று ஒரு மனிசனையாவது கேட்கக் கூடாதா?

மறுகா, பஸ் ஏறித் தன்னாமுனைக்கு ஓடினேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே ஹாட் டிஸ்கை வாவியில் எறிந்துவிட்டதாகத் தங்கச்சிதான் சொன்னாள்.

“புள்ளகுட்டிக்காரன் நான். வேற என்ன செய்யச் சொல்றாய்?” என்றான்.

அவன் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் கூடக் கோபம். முதல் கொப்பியைக் கடல் கொண்டுபோகாமல் காத்தவன் நான். இரண்டாவது கொப்பியை என் சொந்தக்காரனே தண்ணிக்குள் போட்டான், அவனை ஏசக்கூட முடியாத நிலைமை. அவனிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

காக்காவிடம் கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் நான் கடைக்குப் போவதை யாராவது கண்டால்? என்னால் அவருக்கும் ஒரு தொல்லை வந்தால்? அந்தத் தெருவால் போவதையே விட்டேன். சண்டை முடிந்து, சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்த பிறகுதான் கடைப்படியில் கால் வைத்தேன். பழைய கொம்பியூட்டர் ஏதும் மிச்சம் இருக்குதா காக்கா என்று சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

அவர் கொம்பியூட்டரைப் போட்டு ஒரு போல்டரைத் திறந்தார். கும்மி வந்தது, தண்ணிக்குள்ளால் வருகிற அதே குரலில். போல்டரின் பெயர் SIYAMBALA. எனக்கு விளங்கவில்லை.

“சிங்களத்தில புளி, தம்பி” என்றார். “அந்தப் பேரால உன்னைப் பிடிச்ச கதை சந்தைக்கு வந்த அண்டைக்கே பேரை மாத்திப்போட்டன். ரெண்டு தரம் வந்து பாத்தானுகள். கறிச்சாமான் கணக்கெண்டு நினைச்சிருப்பானுகள்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உன்னட்டச் சொன்னா நீ பயத்தில வேலிக் கதியாலுக்கும் சொல்லியிருப்பாய்.”

சாவடியில் நாக்கைச் சப்புக் கொட்டி நான் தேடின சொல் அதுதான். அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும். ஆனால் அதை நான் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? எங்கள் மண்ணின் பெயரை எங்கள் மண்ணில் வைத்துச் சொல்ல, இன்னொரு பாசையில் எனக்கு எதற்கு அனுமதி? காக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்லும்போதும் இந்தக் கேள்விதான் எனக்குள் ஓடினது.

கதை கேட்ட மச்சான், பார்த்தியா, பேர் ஒழுங்காக வைத்தால் பாட்டுத் தப்பும் என்று நான் அப்பவே சொன்னேன் என்றான். அன்றைக்கு மட்டும் அவனை நன்றாக ஏசினேன்.

இப்போது என்னிடம் கொப்பி இரண்டு இருக்கிறது. லப்டொப்பில் இருக்கிறதற்குத் தமிழிலேயே புளியந்தீவு என்று பெயர். இப்போது பெட்டி பெட்டியாகத் தெரிவதில்லை, ளகரம் ளகரமாகவே நிற்கிறது. கல்லாற்றுச் சடங்கில் அதைத்தான் திறந்து போடுகிறேன்.

தன்னாமுனையில் வைத்திருக்கிற மற்றக் கொப்பிக்குப் பெயர் இன்னும் சியம்பலாதான். மாற்றலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் போகிறேன். போட்டுப் பார்க்கிறேன், பாட்டு இருக்கிறது, பெயரில் கை வைக்காமலே மூடிவிட்டு வருகிறேன். பயம் போகவில்லை. யார் வைத்த பயத்துக்கு யார் காவல் இருப்பது என்று பஸ்ஸில் வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.