திரையைத் துடைத்த அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் லூனாஸில் நான் வழக்கமாகக் காரைக் கழுவக் கொடுக்கும் கடையில் நடந்தது இது. அங்கே காருக்குள் துடைப்பது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவின் வேலை. பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்.

அன்று அவர் துடைத்து முடித்ததும் நான் ஏறி உட்கார்ந்தேன். என் காரில் ஏர்கோன், ரேடியோ, பின்பக்கக் கேமரா எல்லாமே நடுவிலிருக்கும் தொடுதிரையில்தான். ஏர்கோனைக் குறைக்கலாம் என்று தொட்டால் ரேடியோ அலறியது. திரையின் வலது பாதி என் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. வரும்போது நன்றாகத்தானே இருந்தது என்று கோபம் தலைக்கேறியது. ஈரத் துணியால் துடைத்தீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"காஞ்ச துணிதாம்மா. எப்பவும் அப்படித்தான் தொடைப்பேன்" என்றார்.

நான் நம்பவில்லை. குரலை உயர்த்தினேன். கடைக்காரர் பதறிப்போய், இனி அவரைக் காருக்குள் விடமாட்டேன் என்றார். அக்கா துணியை மடித்து வைத்துவிட்டு டயர் கழுவும் பக்கம் போனார்.

மறுநாள் காரை வாங்கிய இடத்திலேயே காட்டினேன். கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாதாம். முழுத் திரைக்கும் நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி. என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். உத்தரவாதக் காலமும் முடிந்திருந்தது. அந்த அக்காவை மனத்துக்குள் இன்னும் கொஞ்சம் திட்டிக்கொண்டேன்.

தோழி ஒருத்தி சொல்லி, சுங்கை பட்டாணியில் கார் ரேடியோ பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் திரையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடிக்கு அடியில் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழ்கள். காரை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். கூலிமில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நான்கு வருடமாக வெட்டவெளியில்தான் என்றேன்.

"உள்ள இருக்கிற பசை சூட்டுல எளகிருச்சு. இது ஒரு நாள்ல வந்தது இல்ல, தங்கச்சி. தொடைச்சா இப்படி ஆகாது லா."

அப்போதுதான் உறைத்தது. சில வாரங்களாகவே இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் திரை வேலை செய்தது. நான்தான் பொருட்படுத்தவில்லை. அண்ணன் தொடு கண்ணாடியை மட்டும் அறுநூறு வெள்ளிக்கு மாற்றிக் கொடுத்தார். அவ்வளவு பணம் மிஞ்சியும் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. தொழிற்சாலையில் என் வேலை, பழுதான பொருளுக்குக் காரணம் கண்டுபிடிப்பது. காரணம் தெரியும்வரை ஆளைக் கைகாட்டாதீர்கள் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அடுத்த ஞாயிறு, வாடிக்கையாளர்கள் கூடியிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தவறு என்னுடையது என்று கடைக்காரரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். டயர் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே சிரித்துவிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏழு வருஷமா செய்ற வேலம்மா. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதும், நெசமாவே துணி ஈரமா இருந்துச்சோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

அன்றே கடைக்காரர் அவரைப் பழைய வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். இன்றும் என் காரை அவர்தான் துடைக்கிறார். ஆனால் யார் மீதாவது எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், தப்பே செய்யாத ஒருவரைத் தன் கையையே சந்தேகப்பட வைத்தேனே என்ற நினைப்பு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.