அக்கா ஏறிய விமானம்

ஐம்பதுகளின் தொடக்கம். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த காலம். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் எங்கள் வீடு. எனக்குப் பதினைந்து வயது. அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னி, சாதம் போட்டு வளர்த்தவள் அக்கா. அவளுக்குக் கல்யாணமான மறுமாதமே அத்திம்பேருக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. உடனே வந்து சேர வேண்டுமென்று கம்பெனியே இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டது.

தெருவே வியந்தது. நான் மட்டும் நான்கு நாட்கள் அக்காவோடு பேசவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற கோபம். கிளம்பும் அன்று காலை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அக்கா அறை வாசலில் வந்து நின்று, "போயிட்டு வரேண்டி" என்றாள். நான் சுவரைப் பார்த்தபடியே கிடந்தேன்.

வழியனுப்ப அப்பாவும் ஏறிக்கொண்டு கார் போன பிறகு வீடு என்னவோ போலாகிவிட்டது. அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. கிழக்கேகோட்டைக்கு ஓடி, விமான நிலையம் இருந்த சங்குமுகத்துக்குப் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது விமானம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இப்பத்தான் தலைவலி விட்டுதா?" என்றார் அப்பா.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காக்கிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்தார். பேச்சு நாகர்கோவில் பக்கம்.

"எதுக்கு மக்ளே இந்த அழுகை? அது இன்னும் போவல்ல, கேட்டியா. காத்து கடல்ல இருந்துல்லா வருது. அந்தக் கோடிக்குப் போயித் திரும்பி, காத்தை எதுத்து ஓடி வந்தாத்தான் மேல பொங்கும்."

கம்பத்தில் உப்பிப் பறந்த துணிக்குழாயைக் காட்டினார். பிறகு வேலியோரமாகவே என்னைக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"இங்க வரும்போ முதல்ல வால் தூக்கும். ஜன்னல் எல்லாம் நேரா தெரியும். கையைக் காட்டு."

சொன்னபடியே வந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. வால் எழுந்தது. தாவணித் தலைப்பை வீசி, "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சக்கரங்கள் தரையை விட்டன. கடலுக்கு மேலே போய்ப் புள்ளியாகி மறையும்வரை அவரும் என்னோடு நின்றார்.

பத்து நாளில் அக்காவின் கடிதம் வந்தது. "விமானம் நகருகிற வரைக்கும் ஜன்னல் வழியா உன்னைத்தான் தேடிண்டிருந்தேன். அப்புறம் பயத்தில் கண்ணை இறுக்க மூடிண்டுட்டேன்."

நான் வந்திருந்தேன் என்று பதில் எழுதினேன். "என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றே, போடி" என்று எழுதியிருந்தாள். மூன்று வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தபோது அப்பாவே சாட்சி சொன்னார். சிரித்தாளே தவிர, நம்பினாளா என்று தெரியாது.

அக்கா இப்போது இல்லை. அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்களில் நான் பஸ்ஸில் இருந்தேன் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் எழுந்து அவசரமாக எங்கேயோ ஓட வேண்டும் போலிருக்கிறது.