தனவேல் வந்தால் பெல்ட் நிற்கும்

ஒரு மாதமாக எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. போன மூன்று வாரமும் இந்தப் பக்கத்தில் கொசுவையும், ஸ்டோர் கியூவையும், குவார்ட்டர்ஸ் குழாயையும் பற்றி எழுதி ஒப்பேற்றினேனே... காரணம் இதுதான். எழுத வேண்டியதை எழுதத் தைரியம் வரவில்லை.

இன்று எழுதிவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்ட் பஸ். எங்கள் பிளாக் முனையில் நான் ஏறும்போதே கூட்டம். பத்துப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் ஓர் ஆள்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இரண்டு இடம் காலி. ஒருவரும் உட்காரவில்லை.

உட்கார்ந்திருந்தவன் பெயர் தனவேல். பெல்ட் செக்ஷனில் கான்ட்ராக்ட் ஆள்.

"இடம் இருக்கே, உட்காருங்களேன்" என்றேன் பக்கிரியிடம். பக்கிரி அதே செக்ஷனில் சீனியர். பண்ருட்டிக்காரர். அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

"வேணாம் சார். அவன் பக்கத்துல குந்திகினு போனா இன்னிக்குப் பொழுது வெளங்குமா?"

மெதுவாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கே கேட்டது. தனவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே என்ன இருக்கிறது பார்க்க? செம்மண்ணும், போன வருஷம் நட்ட கன்றுகளும்தான்.

நான் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அவ்வளவு தூரமும் நின்றுகொண்டேதான் போனேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலக்கரி மைன்ஸில் ஜெர்மன் மெஷின் மேல்மண்ணை வெட்டும். வெட்டின மண்ணை ஒரு ரப்பர் பெல்ட் நெடுந்தூரம் சுமந்துகொண்டு போய்க் கொட்டும். பெல்ட் ஓடினால் எல்லாம் ஓடும். பெல்ட் நின்றால்... ஆபீசர் வாயில் வெற்றிலை கூட நின்றுவிடும். தனவேலுக்கு அந்த பெல்ட் ஓரமாக நடப்பதுதான் வேலை. ஒட்டுகிற களிமண்ணைச் சுரண்ட வேண்டும், ரப்பரில் கிழிசல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்மாபுரம் பக்கத்து ஆள். அவனுடைய இரண்டு காணி நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. நிலம் போனவர்களில் சிலரை பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று ஒரு லிஸ்ட் தயாராகியிருந்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. நிலமும் இல்லாமல் வேலையும் நிலைக்காமல் போனால் ஒருவன் எங்கே போவான்? அவனுக்கு எல்லாமே அந்த ஒரு வரிதான்.

இந்த நேரம் பார்த்து, ஒரே மாதத்தில் மூன்று தடவை பெல்ட் நின்றது. மூன்று தடவையும் தனவேல் டூட்டியில் இருந்தான்.

போதாதா? ராசியில்லாதவன் என்று முத்திரை குத்தியாகிவிட்டது. அவனை செக்ஷனை விட்டே எடுக்க வேண்டும் என்று ஒரு பெட்டிஷன் கிளம்பியது. எடுத்தால் லிஸ்டிலிருந்தும் பெயர் போய்விடும். ஆபீசுக்கு எழுதும்போது ராசி என்று எழுத முடியுமா? 'இவர் வேலை செய்யும் நேரத்தில் பெல்ட் அடிக்கடி நிற்பதால்' என்று பக்கிரி நாசூக்காக எழுதினார். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் அந்தப் பெட்டிஷனின் விசேஷம்!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாதா? குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நம் தலையில் பழம் விழுந்தால் நாம் முதலில் தேடுவது காக்கையைத்தான்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிஷனில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கேன்டீனில் ஒரு கையில் வடை. இன்னொரு கையில் யாரோ பேனாவைத் திணித்தார்கள். எனக்கு மேலே முப்பது கையெழுத்து இருந்தது. முப்பது பேர் போட்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? போட்டேன். வடை ஆறிப்போகும் என்ற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

இத்தனைக்கும் நான் இன்டர்மீடியட்டில் லாஜிக் படித்தவன். மனிதர்கள் எல்லோரும் சாகக்கூடியவர்கள், ராமன் மனிதன், ஆகவே ராமனும் சாவான் — இதை நெட்டுருப் போட்டுப் பாஸ் செய்தேன். தப்பான வாதங்களுக்கு ஒரு அத்தியாயமே உண்டு. ஒன்று நடந்த பிறகு இன்னொன்று நடந்தால், முன்னதுதான் காரணம் என்று நினைப்பது தப்பு. பலர் சொல்வதால் ஒன்று உண்மையாகாது. சொல்கிறவன் யார் என்று பார்த்து, சொன்னதைத் தள்ளக் கூடாது. எல்லாம் தெரியும். பரீட்சைக்குத் தெரிந்தது கேன்டீனுக்குத் தெரியவில்லை.

நான் டைம் ஆபீஸ் கிளார்க். பெல்ட் நின்றால் எழுதி வைக்கிற ரிஜிஸ்டர், மாதக் கடைசியில் காப்பி எடுக்க என்னிடம்தான் வரும். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இந்தத் தடவை, அந்த பஸ் சீட் மனசை அரித்துக்கொண்டிருந்ததால், படித்தேன்.

மற்ற ஷிப்டுகளிலும் பெல்ட் நின்றிருக்கிறது! தனவேல் வீட்டில் இருந்த நாட்களிலும் நின்றிருக்கிறது. யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். தனவேல் இருந்த மூன்றும் கால் மணி, அரை மணியில் சரியாகியிருந்தன. மற்றவை ஒவ்வொன்றும் அரை நாள். நீளத்துக்கும் கிழிந்த பிறகு, மோட்டார் தானாக நின்றிருக்கிறது.

கடைசியில் 'நிறுத்தியவர்' என்று ஒரு கட்டம். பெல்ட் ஓரமாக நெடுக ஒரு கயிறு ஓடுகிறது. ஆபத்து என்றால் அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் மூன்று தடவையும் ஒரே பெயர்: தனவேல்.

நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. அவன் வந்தால் பெல்ட் நிற்கிறது என்பது உண்மைதான். ஏனென்றால் அவன்தான் நிறுத்துகிறான்! சின்னக் கிழிசலாக இருக்கும்போதே பார்த்துவிடுகிறான். மற்றவர்கள் அடுத்த ஷிப்ட்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கயிற்றைத் தொடாமல் போகிறார்கள். திருடன் வந்த தெருவில் நாய் குரைத்தது என்றால், நாயால்தான் திருடன் வந்தான் என்று சொல்லி நாயைக் கட்டி வைப்போமா?

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு ஆபீசரிடம் ஓடினேன்.

ஆபீசர் நல்லவர்தான். ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை. "நெருப்பில்லாம புகையுமா சார்? அம்பது பேருக்கு மேல எழுதிக் கொடுத்திருக்காங்க. அத்தனை பேருமா முட்டாள்?"

"ஆள் கணக்கு வேற சார், பெல்ட் கணக்கு வேற" என்றேன்.

"அவன் உங்களுக்கு என்ன வேணும்? எதுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசறீங்க?"

"ஒண்ணும் வேணாம் சார். எனக்கு வேண்டியவனா இருந்தாலும் ரிஜிஸ்டர்ல இருக்கறது மாறாதே."

"ஒண்ணு அவனை வச்சுக்கணும், இல்லேன்னா ஷிப்டை வச்சுக்கணும். எது வேணும், நீங்களே சொல்லுங்க."

மூன்றாவது வழி ஒன்று இருக்கக் கூடாதா என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவர் மேஜை டிராயரிலிருந்து பெட்டிஷனை எடுத்தார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"போன வாரம் அப்படிச் சொன்னீங்க, இந்த வாரம் இப்படிச் சொல்றீங்க. உங்களை எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேணாம் சார். ரிஜிஸ்டரைப் பாருங்க."

பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார்: "சரி. பத்து நாள் பார்ப்போம். அவன் டூட்டியில பெல்ட் நிக்கலேன்னா லிஸ்ட்ல பேர் இருக்கட்டும். நின்னா எடுத்துடறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என்ன அறிவு பாருங்கள்! அன்றே தனவேலைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவன் சந்தோஷப்படவில்லை.

"அப்போ பத்து நாளைக்குக் கயித்தத் தொடக் கூடாது. அவ்ளோதானுங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. கயிற்றை இழுப்பதுதான் அவன் செய்த நல்ல காரியம். அதைச் செய்யாமல் இருந்தால்தான் பரீட்சையில் பாஸ். இப்படி ஒரு பரீட்சையை நான்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு... டைம் ஆபீசில் டெலிபோன் மணி அடித்தால் எழுந்து நின்றுவிடுவேன். "என்ன, தேள் கொட்டின மாதிரி நடக்கறீங்க?" என்றாள் மனைவி. பெல்ட் ஓடினால் பயம். நின்றாலும் பயம்.

எட்டாவது நாள் பெல்ட் நின்றது.

சேதி வந்ததும் ஓடினேன். தனவேல் கயிற்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்ளங்கை சிவந்திருந்தது. அவனைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?"

"கீழ ஆள் நின்னுகினு இருந்தாருங்க" என்றான்.

கீழே நின்றவர் பக்கிரி. ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு மண் கொட்டுகிற இடத்தில், குனிந்து களிமண்ணைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். பெல்ட் நின்றதும் குனிந்தபடியே, "பாத்தீங்களாடா, நிறுத்திட்டான் பாரு! நான் சொல்லல?" என்று கத்தியிருக்கிறார். அப்புறம்தான் தலையை நிமிர்த்தினாராம். கிழிந்த ரப்பர் ஒரு முழ நீளத்துக்கு, அவர் கழுத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதானே? எட்டாவது நாளே பெல்ட் நின்றுவிட்டது. லிஸ்டில் பெயர் அடிபட வேண்டியதுதான். மறுபடி ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போக நான் தயாராகிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் பக்கிரி முந்திக்கொண்டார். புதுப் பெட்டிஷன்! அதை எல்லோரிடமும் அவரே கொண்டுபோய் நீட்டினார்.

"தனவேல் எங்க ஷிப்ட்லதான் இருக்கணும் சார். அவன் இருந்தா ஆளுக்கு ஆபத்து வராது. அவன் ராசி அப்படி."

"ராசி இல்லை பக்கிரி! அவன் கண்ணால பார்த்தான், கையால இழுத்தான். அவ்வளவுதான்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த நேரத்துல கண்ணுல படறதுக்கும் ஒரு ராசி வேணும் சார்" என்றார்.

இதற்கு எந்த லாஜிக் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

முதல் பெட்டிஷனில் போட்ட அத்தனை பேரும் இதிலும் போட்டார்கள். நானும் போட்டேன். ஆபீசர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இத்தனை பேர் சொல்றாங்களே... அப்ப இருக்கட்டும்." தனவேல் பெயர் லிஸ்டில் நிலைத்தது. ஆர்டர் அடுத்த மாதம் வருமாம்.

அடுத்தவனைக் கவிழ்க்க வரும் தப்பான வாதத்தைப் பிடிப்பதே கஷ்டம் என்று நினைத்தேன். அதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. நாம் விரும்புகிற முடிவுக்கு நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற தப்பான வாதம். அதைப் பார்த்து 'நீ தப்பு' என்று சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் நல்ல ராசி என்று தூக்கி வைத்தவர்கள், அவன் கண்ணில் படாமல் ஒரு கிழிசல் போனால் என்ன சொல்வார்கள்? அதனால்தான் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை.

நேற்று தனவேல் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். பஸ்ஸில் இப்போது அவன் பக்கத்தில் உட்காரப் போட்டியாம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பொண்ணுக்குக் காது குத்துங்க. ரெண்டு நாள் லீவு கேட்டேன். ஆளுங்க வுட மாட்டேங்கறாங்க. நீ இல்லாத நாள்ல எங்க உசுருக்கு யாரு பொறுப்புன்னு சண்டைக்கு வராங்க. நீங்க படிச்சவங்க. ராசியாவது ஒண்ணாவதுன்னு அவங்களாண்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

உடனே சட்டையை மாட்டினேன். இதற்காகத்தானே ஒரு மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தேன்! வாசல்வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். நான் சொல்லி, அவர்கள் நம்பிவிட்டால்? ராசி இல்லை என்றாகிவிட்டால் புதுப் பெட்டிஷன் எந்தக் காலில் நிற்கும்?

"ஆர்டர் அடுத்த மாசம்தானே வருது தனவேலு? காது குத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கயேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களுமா சார்?" என்றான். போய்விட்டான்.

ஆர்டர் கைக்கு வரும்வரை என் லாஜிக்குக்கு லீவு கொடுத்திருக்கிறேன், தனவேலுக்குத்தான் கிடைக்கவில்லை.